மாத்திரையை நிறுத்தச் சொன்ன என் தம்பிக்கும், அதற்குக் கைதட்டிய உறவுகளுக்கும்



இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போடுவது பழைய வகுப்புப் படங்களும் எங்கள் வீட்டுச் செம்பருத்தியும்தான். இன்று சண்டை போட வந்திருக்கிறேன். பதிவு நீளம். பாதியில் விட்டுவிட்டுக் கீழே "அருமை டீச்சர்" என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலேயே கண்டுபிடித்தவள் நான். முழுவதும் படியுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 74 பேர் இருக்கிறோம். அதில் சில மாதங்களுக்கு முன் ஒரு தகவல் வந்தது. "மனநோய் மாத்திரை மாபெரும் மோசடி, லண்டன் விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று தலைப்பு. மூளையில் ஏதோ ரசாயனம் குறைவதால் மனநோய் வருகிறது என்பது பொய்யாம். ரத்தப் பரிசோதனையில் தெரியாத ஒன்று நோயே இல்லையாம். மாத்திரை போட்டால் ஆயுள் முழுக்க அடிமையாம். கடைசி வரி: "உண்மைக் காரணம் வளர்ப்பு. வீட்டில் அன்பு இருந்தால் மனநோய் வராது." அதற்கு 31 பேர் கட்டை விரலும் கைகூப்பும் போட்டிருந்தார்கள். போட்டவர்களில் பட்டதாரிகள் 20 பேராவது இருப்பார்கள்.

என் தங்கை மகனுக்கு ஒன்பது வருடமாக மனச்சிதைவு நோய். ஸ்கீசோஃப்ரினியா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க பெரியம்மா, பேரு மட்டும் வேணாம்" என்றான். ஆறு வருடமாக ஒழுங்காக மாத்திரை எடுத்து, ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை அவன். அந்தத் தகவலை அவனும் படித்தான். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, அவனுக்கு மாமா முறை, போன் போட்டு, "பாத்தியாடா மாப்ளே, எல்லாம் ஏமாத்து வேலை. மாத்திரையத் தூக்கிப் போடு. காலைல எந்திரிச்சு மூச்சுப் பயிற்சி பண்ணு" என்று சொல்லியிருக்கிறான்.

பிள்ளை நிறுத்திவிட்டான். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தான். "தூக்கக் கலக்கம் இல்ல பெரியம்மா, உடம்பு லேசா இருக்கு" என்றான். இரண்டாம் மாதம் தூக்கம் போனது. பிறகு பக்கத்து வீட்டு டிவியில் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். ஒருநாள் விடியற்காலை வீட்டில் இல்லை. பதினோரு நாள் தேடினோம். இரண்டு மாவட்டம் தாண்டி ஒரு பேருந்து நிலையத்தில், செருப்பில்லாமல், காலில் புண்ணோடு கிடைத்தான். இப்போது தேறிவிட்டான். வேலை போய்விட்டது. ஆறு வருடம் சேர்த்த தைரியமும் போய்விட்டது. அதை இனி ஒன்றிலிருந்து எண்ணித் தொடங்க வேண்டும்.

தம்பி, நீயும் இதைப் படிப்பாய். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு நாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பைக்கில் ஊர் ஊராக அலைந்தவன் நீதான். ஆனால் அக்கறை இருப்பதால் மட்டும் விடை சரியாகிவிடாது. முப்பத்தாறு வருடம் கணக்குத் தாள் திருத்தியவள் சொல்கிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டேன். ஆய்வுக் கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்து அனுப்பினாள். நான் டாக்டர் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்த சாதாரண டீச்சர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். புரியாத இடத்தில் அவளுக்குப் போன் போட்டேன். அந்தத் தகவலில் உள்ளதை ஒவ்வொன்றாகத் திருத்தித் தருகிறேன்.

முதல் விஷயம், ரசாயனம்.

அந்தத் தகவல் சொன்ன லண்டன் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. 2022 ஜூலையில் ஜோனா மான்கிரீஃப் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் வெளியிட்டது. மூளையில் செரோடோனின் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. அந்தக் "குறைவு" கதையை மருந்து கம்பெனிகள் விளம்பரத்துக்காக ஊதிப் பெரிதாக்கியதும் உண்மை. ஆய்வாளர்கள் பலர் அந்த எளிய விளக்கத்தை முன்பே கைவிட்டிருந்தார்கள். இதுவரை தகவல் சொன்னது சரி. முழு மதிப்பெண்.

இனிமேல்தான் தப்பு. அந்த ஆய்வு மனச்சோர்வைப் பற்றியது. என் தங்கை மகனுக்கு இருப்பது மனச்சிதைவு. அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. மூட்டு வலிக்காரருக்குச் சொன்னதைக் கேட்டு ஆஸ்துமாக்காரர் மருந்தை நிறுத்தலாமா? வரலாற்றுத் தாளுக்குப் புவியியல் விடை எழுதினால் நான் என்ன போடுவேன் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, மனச்சோர்வுக்காரர்களாவது நிறுத்தலாமா? காரணம் தப்பு என்றால் மருந்தும் தப்பு என்று ஆகிவிடுமா? 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறில் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்த மாலுமிகளில் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு விதமான சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் சீக்கிரம் தேறினார்கள். ஏன் தேறினார்கள் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. அவர் சொன்ன காரணம்கூடத் தப்பு. வைட்டமின் சி என்னவென்று உலகத்துக்குத் தெரிந்தது 1930களில். நடுவில் 180 வருடத்துக்கு மேல். அதுவரை எலுமிச்சை வேலை செய்யாமலா இருந்தது?

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. ஒரு சாராருக்கு மருந்து, இன்னொரு சாராருக்கு அதேபோல இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கடைசியில் எண்ணிப் பார்ப்பார்கள். மனச்சோர்வு மருந்துகளுக்கு அப்படி நடந்த 522 சோதனைகளை, மொத்தம் 1,16,477 பேர், 2018ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல். ஆனால் பெரும்பாலான மருந்துகளில் அந்த வித்தியாசம் மிதமானதுதான். எல்லோருக்கும் கேட்காது. லேசான சோர்வுக்கு முறையான பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். அதை முடிவு செய்வது யார்? நோயாளியும் டாக்டரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டை விரல் எண்ணி முடிவு செய்யக் கூடாது. இன்னொன்று: இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு என்று உடம்பு படுத்தும். நிறுத்துவதானாலும் படிப்படியாகத்தான்.

இரண்டாவது விஷயம், "ரத்தப் பரிசோதனையில் தெரியாதது நோயே இல்லை."

ஒற்றைத் தலைவலியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எது? அந்தத் தகவலை அனுப்பிய அத்தைக்கு வருடக்கணக்காக ஒற்றைத் தலைவலி. அவருடைய வலி பொய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பரிசோதனை இன்று இல்லையென்றால் நாளை வரும். நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவின் மனநோய் விடுதிகளில் ஒரு கூட்டம் நோயாளிகள் இருந்தார்கள். தன்னை ராஜா என்பார்கள், பிதற்றுவார்கள், பிறகு கை கால் விழுந்து சில வருடத்தில் சாவார்கள். ஒழுக்கக் கேட்டுக்குத் தண்டனை என்று ஊர் சொன்னது. 1913ல் நியூயார்க்கில் நொகுச்சி, மூர் என்ற இருவர் அப்படி இறந்தவர்களின் மூளையில் சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். 1940களில் பெனிசிலின் வந்தது. விடுதியில் அந்தப் பகுதியே காலியாகிப் போனது.

பழைய கதை என்கிறீர்களா? 2007ல் ஹோசே டல்மாவ் என்ற மருத்துவர் அமெரிக்காவில் ஒரு புது நோயை விவரித்தார். நல்லபடி இருந்த இளம்பெண் திடீரென்று யாரோ பேசுவது கேட்கிறது என்கிறாள், கத்துகிறாள், முகம் கோணுகிறது, வலிப்பு வருகிறது. நம் ஊரில் என்ன சொல்வோம்? காற்று, கறுப்பு, எவளோ வைத்த வினை. உண்மையில் நடப்பது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறிப்போய் அவளுடைய மூளையையே தாக்குவது. பலருக்குச் சூலகத்தில் உள்ள ஒரு கட்டிதான் அதைத் தூண்டிவிடுகிறது. இதற்கு இன்று பரிசோதனை இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலோர் தேறுகிறார்கள். 2007க்கு முன் இந்த நோயோடு வந்த பெண்கள் எத்தனை பேர் வேப்பிலை அடி வாங்கியிருப்பார்கள்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

எல்லா மனநோயும் இப்படிக் கிருமியாலோ கட்டியாலோ வருவதில்லை. மனச்சிதைவுக்கு இன்றும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் "இன்னும் பரிசோதனை இல்லை" என்பதும் "நோயே இல்லை" என்பதும் ஒன்றா? பூஜ்யத்துக்கும் தெரியாத எண்ணுக்கும் வித்தியாசம் ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்றாவது விஷயம், ஆயுள் முழுக்க அடிமை.

தூக்க மாத்திரையில் சில வகை பழக்கமாகும், உண்மை. மனச்சிதைவு மருந்து அந்த வகை இல்லை. அது சர்க்கரை மாத்திரை போல, ரத்த அழுத்த மாத்திரை போல. இந்த மருந்துகளின் முதல் பிள்ளையான குளோர்புரோமசின் 1952ல் பாரிஸில் நோயாளிகளுக்குத் தரப்பட்டது. அதற்கு முன் இந்த நோயாளிகள் பலருக்கு இருந்தது பூட்டிய அறைதான்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நோய் தணிந்து நிலையாக இருந்தவர்களை வைத்து நடந்த 65 சோதனைகளை, சுமார் 6,500 பேர், 2012ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்டெஃபான் லாய்ஷ்ட் குழு கூட்டிப் பார்த்தது. ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்து தொடர்ந்தவர்களில் 100க்கு 27. வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 100க்கு 64. வித்தியாசம் 37. அதாவது மருந்தைத் தொடரும் மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர், மருந்து இல்லாவிட்டால் அந்த வருடமே விழுந்திருப்பார். என் தங்கை மகன் அந்த ஒருவன்.

இப்போது ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்தத் தகவல் கொண்டாடிய அதே மான்கிரீஃப் அம்மையார், மனச்சிதைவு போன்ற நோயுள்ளவர்களுக்கு மருந்தைக் குறைத்துப் பார்த்தால் நல்லதா என்று இங்கிலாந்தில் ஒரு சோதனை நடத்தினார். 253 பேர். டாக்டர் மேற்பார்வையில், மெதுவாக, மாதக்கணக்கில் குறைத்தார்கள். வாழ்க்கை மேம்படும் என்பது அவர் எதிர்பார்ப்பு. 2023ல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் அன்றாட வாழ்க்கையில் மேம்பாடு எதுவும் தெரியவில்லை. கடுமையாக நோய் திரும்பியது, குறைத்தவர்களில் 100க்கு 25, குறைக்காதவர்களில் 100க்கு 13. தனக்குப் பிடிக்காத விடை வந்தும் அதை அப்படியே வெளியிட்டார். அந்த நேர்மைக்கு வணக்கம். டாக்டர் பக்கத்தில் இருந்து கவனமாகக் குறைத்ததற்கே இந்த முடிவு என்றால், "தூக்கிப் போடு மாப்ளே" என்பதற்கு என்ன முடிவு வரும்?

பக்க விளைவு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு பெருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, கை நடுங்குகிறது, பகலெல்லாம் தூக்கம் வருகிறது. என் தங்கை மகன் 14 கிலோ கூடினான். இவற்றை அவன் டாக்டரிடம் சொல்லவில்லை. ஏன்? இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதித் தந்து "அடுத்து" என்றால் எப்போது சொல்வான்? மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், மாதம் ஒரு ஊசியாகப் போடலாம் என்றெல்லாம் வழி இருந்தும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. டாக்டர் தராத அந்தப் பத்து நிமிடத்தைத்தான் வாட்ஸ்அப் தந்தது. என் மாணவர்களில் டாக்டர்கள் ஆறு பேர் இருக்கிறீர்கள். இந்தப் பத்தி உங்களுக்கு.

புது மருந்தும் வருகிறது. 70 வருடமாக வந்த மருந்துகள் பெரும்பாலும் டோபமின் என்ற ஒரே வாசலில்தான் போய்த் தட்டின. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கோபென்ஃபி என்ற மருந்து அசிட்டைல்கோலின் என்ற வேறு வாசலில் தட்டுகிறது. உடனே "அதிசய மருந்து" என்று குழுவில் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே வேறு மருந்து எடுப்பவர்களுக்கு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனையில் எதிர்பார்த்த பலன் நிரூபணமாகவில்லை என்று 2025ல் அந்தக் கம்பெனியே சொன்னது. அறிவியல் இப்படித்தான் நடக்கும், இரண்டடி முன்னே, ஓரடி பின்னே.

நான்காவதுதான் என்னைத் தூங்க விடாத வரி. "உண்மைக் காரணம் வளர்ப்பு."

அந்த வரியை என் தங்கையும் படித்தாள். அவன் காணாமல் போன ஐந்தாம் நாள் ராத்திரி, "நான் ஆறு மாசத்துலயே பால் நிறுத்தி வேலைக்குப் போனேனேக்கா, அதனாலயா?" என்று கேட்டாள். ஒரு தாய் அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள், லைக் போட்ட 31 பேரே?

படித்தவர்களும் இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறார்கள். 1948ல் ஒரு பெரிய மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்குகிற தாய் என்றே ஒரு பெயர் வைத்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மாரைக் குளிர்பெட்டித் தாய் என்றார்கள். இருபது முப்பது வருடம் தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது ஆதாரம் இல்லை. எங்கள் பயிற்சிப் பள்ளியிலும் உளவியல் நோட்டில் அந்த வாசனை இருந்தது. நானும் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள்தான்.

இன்று என்ன தெரியும்? 2022ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, மனச்சிதைவு உள்ள 76 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் மரபணுவை, நோயில்லாத 2 லட்சத்து 43 ஆயிரம் பேரின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் துளித்துளி பாதிப்பு. "பைத்தியக்கார ஜீன்" என்று ஒன்று கிடையாது. அந்தத் துளிகளில் பல உங்களிடமும் என்னிடமும் இருக்கும்.

2016ல் அமெரிக்காவில் வந்த ஒரு கண்டுபிடிப்பு எனக்கு நன்றாகப் புரிந்தது, தோட்டக்காரி என்பதால். வளரும் பருவத்தில் மூளை தனக்கு வேண்டாத இணைப்புகளை வெட்டிவிடும், நாம் செடியைக் கவாத்து செய்வதுபோல. சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் இருந்தால் இந்தக் கவாத்து அளவுக்கு மீறிப் போகலாம், மனச்சிதைவு வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது என்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கல்லூரியில் கால் வைத்ததும் ஏன் மாறிப்போனான் என்பதற்கு இது ஒரு குறிப்பு. முழு விடை இல்லை, குறிப்புதான்.

மரபணு மட்டுமா? இல்லை. அச்சில் வார்த்ததுபோல ஒரே மரபணுவோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால், மற்றவருக்கும் வருவது சுமார் பாதிப்பேருக்கு, அல்லது அதற்கும் குறைவு. 1944-45 பஞ்சத்தில் ஹாலந்தில் கருவில் இருந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் இந்த நோய் ஏறக்குறைய இரு மடங்கு வந்தது. வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்குப் புத்திப் பிறழ்வு வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு என்று 2019ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று சொன்னது. பேரன்மார் யாராவது "இது மூலிகைதானே டீச்சர்" என்றால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

வீட்டுக்கு ஒரு பங்கு உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் 1950களின் கடைசியில் தொடங்கிய ஆய்வுகள் அதைக் காட்டின. குத்திக் காட்டுவதும் எப்போதும் குறை சொல்வதும் உள்ள வீட்டுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. கவனியுங்கள், வந்ததற்குக் காரணம் வீடு என்று அவர் சொல்லவில்லை, திரும்புவதில் வீட்டுக்குப் பங்கு இருக்கிறது என்றார். அப்படியென்றால் "வளர்ப்பு சரியில்லை" என்று அந்த வீட்டையே குத்திக் காட்டிய உறவினர் செய்தது என்ன? பேச்சு ஓர் உளி, பார்த்துப் பிடியுங்கள்.

அடுத்தது கல்யாணம். நம் ஆட்கள் இதில் ஒரே வாயால் இரண்டு பேசுவார்கள். பையனுக்கு நோய் என்றால், "ஒரு கால்கட்டு போட்டா சரியாப் போயிடும்" என்பார்கள். யாரோ பெற்ற பெண் இவர்களுக்கு மாத்திரை. அதே வாய், அவன் தங்கைக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, "அந்த வீட்டுல ஒரு பையனுக்கு மூளை சரியில்ல, ரத்தத்துல இருக்கும்" என்றது. நிச்சயத்துக்குப் பத்து நாள் முன்பு நின்றுபோனது. யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் போடுவோம். மனச்சிதைவு வாழ்நாளில் சுமார் 100ல் ஒருவருக்கு வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அது 100ல் சுமார் 9. அப்படியானால் 91 பேருக்கு வருவதில்லை. உடன்பிறந்தவரின் பிள்ளைகளுக்கு 100ல் சுமார் 4. 96 பேருக்கு வருவதில்லை. வேறு பக்கம் பார்த்தால், நோய் வந்தவர்களில் பெரும்பாலோரின் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நோய் இருப்பதில்லை. பின்வாங்கிய அந்த மாப்பிள்ளை வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கரை. அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதுவரை மற்றவர்களைத் திட்டினேன். இப்போது என்னை.

1990களில் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். விடையை எழுதுவான், அழிப்பான், திரும்ப அதையே எழுதுவான், அழிப்பான். தாள் கிழியும். கையைக் கழுவப் போனால் மணி அடித்தாலும் வர மாட்டான். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சோம்பேறித்தனம், ஏமாற்று என்று நினைத்தேன். பிரம்பால் அடித்தேன். அழித்த பக்கத்தை வகுப்பு முன்னால் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் படிப்பை விட்டான்.

அதற்குப் பெயர் ஓசிடி என்று இருபது வருடம் கழித்துத் தெரிந்தது. தேவையில்லாத எண்ணம் ஒன்று தலைக்குள் சுற்றிச் சுற்றி வரும். செய்ததையே செய்தால்தான் சற்று அடங்கும். வேண்டுமென்று செய்வதில்லை, விட முடியாமல் செய்வது. அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, கழுவாமல் அழிக்காமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை அன்றைக்கே உலகத்தில் இருந்தது. நான் அறியவில்லை, அறிய முயலவும் இல்லை. அப்பா, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய். போன பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினாய். உன்னை அடித்தது என் தப்பு. வகுப்பு முன்னால் அவமானப்படுத்தினேன், அதனால் இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். கோயிலுக்குப் போங்கள், தர்காவுக்குப் போங்கள், மாதா கோயிலுக்குப் போங்கள். நானும் விளக்குப் போடுகிறவள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஐ மறக்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் விடியற்காலை தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது எதிரிகள் இல்லை, நம்மைப் போன்ற குடும்பத்தார்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. பிறகு அதே ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, மருந்து மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு. போதாது. இதை நிரூபித்த ஆய்வில் நம் தமிழ்நாடும் உண்டு. மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்துத் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவில் நடந்தது, 2014ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். மாத்திரை எடுத்தாயா என்று கேட்டார்கள், குடும்பத்தோடு பேசினார்கள், வேலைக்குப் போக உதவினார்கள். ஒரு வருடத்தில் இரண்டாவது பிரிவினர் கூடுதலாகத் தேறினார்கள். ரொம்பப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் உண்மையான வித்தியாசம். அந்தப் பணியாளர்கள் டாக்டர்கள் இல்லை, நம்மைப் போன்றவர்கள். ஆனால் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்குத் தகுந்தபடி 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை. கோபப்பட வேண்டுமானால் இதற்குக் கோபப்படுங்கள். எங்கள் வட்டார மருத்துவமனைக்கு மனநல டாக்டர் வாரம் ஒருநாள் வருகிறார். அதற்கு யாராவது குழுவில் ஒரு செய்தி போட்டீர்களா?

வீட்டுப்பாடம் தருகிறேன். மருந்தைப் பற்றி வரும் தகவலை நோயாளிக்கு அனுப்பாதீர்கள், சந்தேகம் இருந்தால் அவரோடு டாக்டரிடம் போய்க் கேளுங்கள். மாத்திரை எடுக்கிற உறவினரைப் பார்த்தால் "இன்னுமா மாத்திரை?" என்று கேட்காதீர்கள், "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். மனசு தாங்காமல் தவிக்கும்போது யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

தம்பி, உனக்கு ஒரு தனி வேலை. மாதம் ஒருமுறை அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். தங்கைக்கு முட்டி வலி, எனக்கும் பஸ் ஏற முடியவில்லை. அடுத்த தேதி வருகிற வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குள் போனால்தான் சீட்டு கிடைக்கும். அவனிடம் கேட்டேன், "மாமாவோட பைக்ல போறியா?" என்று. "மாமா மெதுவா ஓட்டுவாருன்னா போறேன்" என்றான்.

உடல் எடையைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி அவன் பையில் வைத்திருக்கிறேன். அவன் மறந்தால் நீ ஞாபகப்படுத்து.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்